புல் – பலவகை

கண் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டில் மருந்து எதுவும் இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, தூரத்தில் இருக்கும் பச்சையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார். ‘தூரத்தில்’ என்பதற்கு அடிக்கோடு வேறு. மெழுகக்கா அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒழுங்காகப் பார்த்தாள். எட்டாவது நாள், நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடியோடு போய்ப் பச்சையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன இடத்தில் கண்ணுக்கு இரட்டை வேலை கொடுத்த நோயாளி தன் அனுபவத்தில் இவள் ஒருத்திதான் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். அவள் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

மெழுகக்கா என்பது பல் லேபில் ஒட்டிக்கொண்ட பேர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து மாவு அச்சாக அனுப்புவார்கள். அந்த அச்சில், இல்லாத பல்லை மெழுகில் செதுக்கி வைப்பது அவள் வேலை. அதைப் பார்த்து உலோகத்திலும் பீங்கானிலும், பல்லின் மேல் உறை மாதிரி மாட்டும் கேப் வார்ப்பது மற்றவர்கள் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாகச் செதுக்குகிறாள். மேசையில் கொட்டிக் கிடக்கும் பற்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, விரல்களுக்கிடையில் உருட்டி, “மேல் வரிசை, இடது பக்கம், ரெண்டாவது முன்கடைவாய்” என்பாள். தப்பாகாது. எதிரே யார் வந்து சிரித்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். இதனால் ஊரில் பாதிப் பேரின் முகம் அவளுக்குத் தெரியாது, பல் தெரியும்.

லேப் இருந்தது இரண்டாவது மாடியின் பின்பக்கம். அவள் மேசைக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே குடிநீர் நிலையத்தின் வெட்டவெளி: இரண்டு வடிகட்டும் தொட்டிகள், நிரம்பி வழியும் தண்ணீர் போக ஓர் ஓடை, சுற்றிலும் கம்பிவேலி. மிச்சமெல்லாம் டாக்டர் சொன்ன பச்சை. முதல் நாள் அது ஒரே பச்சையாக இருந்தது. நாலாவது நாள் ஓடையோரம் மட்டும் கொஞ்சம் கருத்துப் பளபளப்பதாகத் தோன்றியது. ஏழாவது நாள் வேலியடியில் இருந்தது நீலம் கலந்த பச்சை என்று உறுதியாகிவிட்டது. பீங்கானுக்கு நிறம் பொருத்துபவர்கள் வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை பார்ப்பவர்கள். அவர்களுக்குப் பக்கத்து மேசையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு ஒரு பச்சை மூன்றாகப் பிரிவது அதிசயமில்லை. எட்டாவது நாள் சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் போய் மூன்றிலும் ஒவ்வொன்று பறித்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஊரில் இயற்கைக் கழகம் ஒன்று இருந்தது. ஞாயிறு காலைகளில் நூலகத்து மாடியில் கூடுவார்கள். செயலாளர் ஓய்வுபெற்ற மருந்துக் கடைக்காரர். கழுத்தில் எந்நேரமும் தொங்கும் கருவியை வைத்து அவருக்குப் பைனாகுலர் சார் என்று பேர். பறவைகளில் அவருக்குத் தெரியாதது இல்லை. பறவை உட்காராத எதிலும் அவருக்கு ஆர்வமும் இல்லை. மெழுகக்கா மூன்று தண்டுகளையும் அவர் முன்னால் வைத்தாள்.

“சார், இது என்ன?”

“புல்லும்மா.”

“இது?”

“அதுவும் புல்தான்.”

“இது வழுவழுன்னு இருக்கே சார். கணுவே காணோமே?”

“அது கணு இல்லாத புல்.”

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் அவள் எழுந்து போகாததால், அவர் கழகத்தின் பெருமையை எடுத்துக் காட்டினார். குடிநீர் நிலைய வெளியின் உயிரினங்கள் எல்லாவற்றையும் பத்து வருஷமாகக் குறித்துவைத்து, சின்னப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். தட்டச்சு செய்த பட்டியல் தயார். பறவை நூற்றுப் பன்னிரண்டு. வண்ணத்துப்பூச்சி நாற்பத்தொன்று. தும்பி, தவளை, மரம், பூச்செடி எல்லாம் வரிசையாக, அறிவியல் பெயரோடு. கடைசிப் பக்கத்தில் கடைசி வரி:

புல் – பலவகை.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“என்ன குறை? பலவகைன்னு போட்டிருக்கோம்ல. ஒரு வகைன்னு போடலையே.”

லேபுக்கு வரும் சீட்டில் ‘பல் – பலவகை’ என்று ஒரு டாக்டர் எழுதி அனுப்பினால் அவருக்குப் பலவகையான பதில் போகும். அந்த வெளியில் நடந்தால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் புல்லின் மேல்தான். நூற்றுப் பன்னிரண்டு பறவைக்கும் கீழே நிற்பது அதுதான். அதற்கு ஒரே வரியா? அவளுக்குச் சுருக்கென்றது. தைத்த இடத்திலிருந்து வாய் தானாகப் பேசியது.

“அந்த வரிய நான் மாத்தித் தரேன் சார்.”

நடக்காத காரியத்துக்கு அனுமதி கொடுப்பவர்களின் தாராளத்தோடு அவர் தலையாட்டினார். “தாராளமா. ஆனா சும்மா பேர் எழுதினா போட முடியாது. உலர்செடிக் காப்பகத்துல பார்த்து, சரின்னு கையெழுத்து வாங்கணும். அடுத்த வருஷம் மழை முடிஞ்சதும் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள வந்தா உங்க பேர்லயே போட்டுடறேன். வரலைன்னா பலவகை.”

இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள், நூலகத்தில் புல் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். எடுத்தவர் பட்டியலுக்காக ஒட்டிய தாள் அதில் வெறுமையாக இருந்தது. ஆக, அவளுக்குப் போட்டி இல்லை. துணையும் இல்லை.

முதல் பாடம் சுலபம். பச்சையாக, மெல்லியதாக, நீளமாக இருப்பதெல்லாம் புல் அல்ல. மூன்று கூட்டம் உண்டு. தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்க்க வேண்டும். புல் என்றால் உருண்டை, உள்ளே பெரும்பாலும் குழாய், இடையிடையே கணு. கோரை என்றால் அநேகமாக மூன்று மூலை, உள்ளே கெட்டி, கணு கிடையாது. மூன்றாவது கூட்டம் ஜங்கஸ்: தூரத்தில் கோரை மாதிரி நிற்கும், உருட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடும் உருண்டை, உள்ளே பஞ்சு. ஊர்க்காரர்கள் இந்த மூன்றாவதற்குத் தனியாக ஒரு பேர் வைக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அதை ‘மூணாவது’ என்றே கூப்பிட்டாள்.

இரண்டாவது பாடம் அவளைக் குஷிப்படுத்தியது. புல்லின் இலை தண்டை விட்டுப் பிரியும் மூலையில் ஒரு துளிச் சவ்வு, சிலதில் சவ்வுக்குப் பதில் முடி. அதைப் பார்த்தே பல புற்களைப் பிரித்துவிடலாம். புத்தகம் அதைச் சிறுநாக்கு என்றது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தாள்:

“புல்லுக்கு நாக்கு இருக்கு.”

டைல்ஸ் கடையில் விற்பனையாளராக இருக்கும் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “பல்லு?” என்றார்.

“பல்லும் இருக்கு. இலை ஓரத்துல. விரல வெச்சு இழுத்துப் பாருங்க, அறுக்கும்.”

“ஆக, வேலைய வீட்டுக்குக் கொண்டுவந்துட்டே.”

நாலு மாதத்தில் முப்பத்தெட்டுத் தாள் சேர்ந்தது. ஒவ்வொரு தாளிலும் ஒரு செடி, காயவைத்து ஒட்டி, கீழே பேர் எழுதி. இருபத்துநாலு புல், பதினாலு கோரை. அவளுக்கே ஆச்சரியம், ஓடையோரம் மட்டும் ஒன்பது விதமான கோரை கிடைத்தது. மூலைகளின் கோணம் ஒவ்வொன்றிலும் வேறு. மெழுகின் தடிமன் பார்க்கும் கேஜை வைத்து ஒவ்வொரு தண்டையும் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்குவரை அளந்து எழுதியிருந்தாள். தாள்களைக் கட்டாகக் கட்டிக் காப்பகத்துக்கு அனுப்பினாள். காப்பகம் என்பது பல்கலைக்கழகத்தில் காய்ந்த செடிகளை அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் கட்டிடம். அங்கே புல் பிரிவைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண். மெழுகக்காவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், வார்த்தைச் சிக்கனத்தில் பெரியவள். மூன்று வாரத்தில் பதில் வந்தது.

‘புல் இருபத்துநான்கில் இருபது சரி. கோரை பதினான்கில் ஐந்து சரி. மீதி ஒன்பதும் கோரை அல்ல. ஒன்பதும் ஒரே ஜங்கஸ். உயிரோடு இருக்கும்போது உருண்டையாக இருந்திருக்கும். இதை எதில் காயவைத்தீர்கள்?’

மெழுகக்கா கடிதத்தை மேசையிலேயே போட்டாள். லேபிலிருந்து ஓடையோரம்வரை ஓடினாள். ஒரு தண்டைப் பறித்தாள். உருட்டினாள். அது வழுக்கிக்கொண்டு ஓடியது, பென்சில் மாதிரி, கேலி மாதிரி.

நடந்தது இதுதான். செடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் காய ஏழெட்டு நாள் ஆகும். லேபில் பீங்கான் சுடும் ஃபர்னஸ் இருக்கிறது. குறைந்த சூட்டில் வைத்தால் நாற்பது நிமிடம். முதலாளிகூட ஒரு நாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து கேட்டார்.

“என்னமோ கருகுதே, மெழுகா?”

“இல்ல சார், கோரை.”

“கோரைப்பல்லா? அது ஏன் கருகுது?”

“பல் இல்ல சார், வெறும் கோரை.”

சூட்டில் உள்ளிருந்த பஞ்சு சுண்டி, உருண்டைத் தண்டு மூன்று பக்கமாக ஒடுங்கிவிட்டது. ஒரு நாள் கொஞ்சம் அதிகச் சூடு, ஒரு நாள் கொஞ்சம் குறைவு. சூட்டுக்கு ஒரு கோணம், கோணத்துக்கு ஒரு இனம். சரி, பச்சையாக இருக்கும்போதே உருட்டிப் பார்த்திருக்கலாமே என்றால், அங்கேதான் தொழில் காலை வாரியது. பல் லேபில் ஈர அச்சின் மேல் யாரும் கை வைக்கமாட்டார்கள். மாவு இறுகிக் காய்ந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். ஈரத்தில் தொட்டால் அளவு கெட்டுவிடும் என்று இருபத்திரண்டு வருஷம் பழகிய கை, செடியையும் மரியாதையாகக் காயவைத்துவிட்டுத்தான் தொட்டது. அளந்த அளவுகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. செடிதான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் இதை மறைக்க அவளுக்கு வாய்ப்பே இல்லை. கடிதத்தின் நகல் செயலாளருக்கும் போயிருந்தது.

“ஒரே ஆளுக்கு ஒன்பது அடையாள அட்டை!” என்றார் பைனாகுலர் சார். மாடி முழுக்கச் சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருந்தன்மையோடு, “பேசாம பலவகையையே வெச்சுக்கலாமே. அதுல தப்பே வராது” என்றார்.

அவளுக்கு எரிச்சல் மூட்டியது அதுதான். உண்மையிலேயே அந்த வரியில் தப்பு இல்லை. எதையும் சொல்லாத வரியில் எப்படித் தப்பு வரும்?

வீட்டில் மகள் ஆறுதல் சொன்னாள். கல்லூரியில் படிப்பவள், ஆறுதலையும் அந்த வயதின் பாஷையில்தான் சொல்வாள். “அம்மா, ஒரு செடிய ஒன்பதா பிரிச்சது உலக சாதனையாக்கூட இருக்கலாம். விசாரிக்கட்டுமா?”

“போடி.”

“அதில்லம்மா. இருபது புல் சரின்னு எழுதியிருக்காங்கள்ல? நாலு மாசம் முன்னாடி உனக்கு எத்தனை தெரியும்?”

மெழுகக்கா யோசித்தாள். அறுகம்புல் தெரியும். அதுவும் பேர் மட்டும்.

காப்பகத்துக்கு ஒரே வார்த்தையில் பதில் எழுதினாள்: ‘ஃபர்னஸில்.’ திரும்பி வந்ததும் ஒரே வரி: ‘இனிமேல் பச்சையாக உருட்டவும்.’ கீழே தொலைபேசி எண். தயங்கித் தயங்கி அழைத்தாள்.

“அக்கா, உங்க அளவெல்லாம் பார்த்தேன். நாலு வருஷம் படிச்சுட்டு வர்றவங்ககூட இப்படி அளக்க மாட்டாங்க” என்றது குரல். “ஆனா தாள பார்த்து இனிமே கையெழுத்து போட மாட்டேன். மழை முடிஞ்சதும் நானே வரேன். அந்த வெளியில நானே இருபது பறிச்சுத் தட்டுல வெக்கறேன். நீங்க பேர் சொல்லுங்க. ரெண்டுக்கு மேல தப்பாச்சுன்னா பட்டியல் கிடையாது. கோச்சுக்காதீங்க.”

“கோச்சுக்கல. பறிக்கறப்ப வேரோட பறிங்க.”

அதற்கப்புறம் ஏழு மாதம் வீடு வீடாக இல்லை. சமையலறை அலமாரியில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர், டம்ளருக்கு ஒரு செடி. கணவர் ஒரு நாள் காலையில் அவசரமாக ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டார்.

“என்னது இது, சேறு வாசனை?”

“அய்யோ, எந்த டம்ளர்? அதுல வேர் விட்டிருந்துச்சே!”

“எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டியா?”

“உங்களுக்கு வேர் இல்லையே.”

அவர் கடைக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிக்காட்டினார். குறைபட்டுக்கொள்ளும் குரலில்தான் சொன்னார். ஆனால் சாயங்காலம் வரும்போது, கடை வாசலில் சிமெண்டு வெடிப்பில் முளைத்திருந்த ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். “இது உன்கிட்ட இருக்கா?” இருந்தது. இருந்தும் வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் பச்சையாகவே. பறித்த இடத்திலேயே உருட்டினாள், அடியில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, தலைப்பக்கம் ஒரு தடவை. பிளேடால் குறுக்கே வெட்டி உள்ளே பஞ்சா, குழாயா, கெட்டியா என்று பார்த்தாள். பேர் மனதில் நிற்கும்வரை தானே பட்டப்பேர் வைத்தாள். கதிர் முழுக்க மயிராக நிற்பது டூத்பிரஷ். ஒரே பக்கமாகப் பல் நீட்டுவது சீப்பு. காலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வீடுவரை வருவது மாமியார். மெழுகைச் செதுக்கும்போது உண்மையான பேர்களை முணுமுணுத்தாள்: ஃபிம்பிரிஸ்டைலிஸ், எராகிராஸ்டிஸ், எலியோகாரிஸ். “யாருக்கும்மா சாபம் விடறே?” என்று முதலாளி கேட்டார்.

கோரையின் விதைக்கு வந்தபோதுதான் அவள் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஊசிமுனை அளவு விதை. இடுக்கியால் எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தால், அது ஒரு பல். சிலது இரண்டு பக்கமும் புடைத்தது, சிலது மூன்று பட்டை. மேலே குழிகள், வரிகள், ஒழுங்காக அடுக்கிய சின்னச் சின்ன மேடுகள். யாரோ மெழுகில் செதுக்கியது போல இருந்தது. எந்த டாக்டரும் ‘திருத்தம் தேவை’ என்று திருப்பி அனுப்ப முடியாத வேலை. இலையில் ஒன்று போலவே இருந்த இரண்டு கோரைகள், விதையில் இடது கடைவாயும் வலது கடைவாயும் மாதிரிப் பளிச்சென்று பிரிந்து நின்றன. அன்று லேபில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பீங்கான்காரர் நிறம் சொன்னார், உலோகக்காரர் எடை கேட்டார், முதலாளி, “இதுக்கு யார் பில் போடறது?” என்றார். ஆனாலும் ஒவ்வொருவரும் இரண்டு தடவை குனிந்து பார்த்தார்கள்.

இதற்கிடையில் பைனாகுலர் சாருக்கு ஒரு கவலை பிறந்திருந்தது. புத்தகம் முப்பத்திரண்டு பக்கம், ஒரு பக்கம்கூடக் கூட்ட முடியாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். அறுபது புல்லும் குறிப்பும் என்றால் மூன்று பக்கம் வேண்டும். அந்த மூன்று பக்கத்தில் இப்போது ஒரே மீன்கொத்தி மூன்று கோணத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் ஆறு வருஷம் காத்திருந்து எடுத்த மீன்கொத்தி. மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆறு வருஷம் ஒரு பறவைக்காக உட்கார்ந்தவர், புல்லுக்காக எழுந்திருப்பாரா?

மழை முடிந்து, ஞாயிறு வந்தது. நூலகத்து மாடியில் நீள மேசை, மேசையில் இருபது தட்டு, தட்டுக்கு ஒரு எண். காப்பகத்துப் பெண் விடியற்காலையிலேயே வெளியில் இறங்கிப் பறித்துவிட்டாள். தட்டுகளை மேலே தூக்கிவர பைனாகுலர் சார் ஓடி ஓடி உதவினார். முழங்கைவரை சேறாக இருந்த அவள் கையைக் கழுவப் போனபோது, “நீங்க நிதானமா வாங்க, நான் பார்த்துக்கறேன்” என்றும் சொன்னார்.

கழகத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கணவரும் மகளும் கடைசி வரிசையில். மெழுகக்கா நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு முதல் தட்டுக்கு வந்தாள். காப்பகத்துப் பெண் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டே வந்தாள். சரியா தப்பா என்று முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. கடைசியில்தான் சொல்வாளாம்.

ஒன்று, டூத்பிரஷ். இரண்டு, சீப்பு. மூன்று, மாமியார். முழுப் பேரையும் சொன்னாள். நாலாவது ஒரு சைபரஸ் கோரை, விதையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஆறாவதில் தடுமாறினாள். கதிர் இன்னும் விரியாத புல், நாக்கும் கிழிந்திருந்தது. ஏதோ ஒரு பேரைச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். சொன்ன உடனேயே தப்பென்று தோன்றியது. இன்னும் ஒன்று தப்பலாம், அதற்கு மேல் கூடாது.

பதினொன்றாவது தட்டில் அவளுடைய பழைய ஜங்கஸ் படுத்திருந்தது. கூட்டத்தில் ஒரு கனைப்பு. அடி, நடு, தலை என்று மூன்று இடத்தில் உருட்டினாள். வழுக்கியது, வழுக்கியது, வழுக்கியது. “இவர எனக்கு ஒன்பது பேர்ல தெரியும்” என்றாள். இந்தத் தடவை கூட்டம் அவளோடு சிரித்தது.

பதினேழாவது தட்டுக்கு வந்தாள்.

ஒரு சாண் நீளத் தண்டு, தலையில் கோரைக் கதிர், கதிருக்குக் கீழே குடை மாதிரி மூன்று இலை. அடியில் உருட்டினாள். உருண்டை. நடுவில் உருட்டினாள். உருண்டை. தலைப்பக்கம் உருட்டினாள். மூன்று மூலை.

மறுபடியும் அதே உருண்டை, அதே மூலை. ஆனால் இது காய்ந்தது இல்லை, ஈரம் சொட்டும் பச்சை. தண்டை நம்பினால் ஜங்கஸ். தலையை நம்பினால் கோரை. புத்தகத்தில் இப்படி ஒன்று இல்லை. புத்தகத்தில் இல்லாததை அவள்தான் முதலில் பார்க்கிறாளோ என்று ஒரு கணம் ஆசை எட்டிப் பார்த்தது. ஒன்பது இனம் கண்டுபிடித்த அதே ஆசை. அதை அவளுக்கு இப்போது நன்றாக அடையாளம் தெரியும்.

“என்னக்கா, தெரியலையா?” என்றாள் காப்பகத்துப் பெண். “தெரியலைன்னா விட்டுட்டுப் போகலாம்.”

மெழுகக்கா தண்டின் அடியிலிருந்து மேலே மெதுவாக நகத்தை ஓட்டினாள். குடையிலைக்குக் கீழே நகம் தடுக்கியது. மயிரிழை அளவு படி.

அந்தப் படியை அவளுக்குத் தெரியும். வார்த்த கேப்பை அச்சுப் பல்லின் மேல் உட்காரவைத்ததும் லேபில் செய்யும் முதல் காரியம், இரண்டும் சேரும் விளிம்பில் மெல்லிய கொக்கியை ஓட்டிப் பார்ப்பது. கொக்கி வழுக்கிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. தடுக்கினால் கேப் திரும்பிப் போகும். பையைத் திறந்து கொக்கியை எடுத்தாள். தண்டைச் சுற்றிலும் ஓட்டினாள். டிக், டிக், டிக்.

“இது செடி இல்ல” என்றாள்.

“செடி இல்லாம? பிளாஸ்டிக்கா?” என்றார் பைனாகுலர் சார், கொஞ்சம் சத்தமாகவே.

“கேப் போட்டிருக்கு சார். கீழ இருக்கறது பதினொண்ணாம் தட்டு ஜங்கஸ். மேல இருக்கற தலை நாலாம் தட்டு சைபரஸ். ரெண்டும் வேற வேற ஆள். நடுவுல பசை.” கண்ணாடிக்குக் கீழே இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். தொழில் கோபம் தலைக்கேறியது. “அதையாவது ஒழுங்கா செஞ்சிருக்கலாம். வழிஞ்ச பசையக்கூட துடைக்கல. எங்க லேப்ல இப்படி ஒண்ணு வந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவோம்.”

காப்பகத்துப் பெண் தண்டை வாங்கினாள். இரண்டு கையாலும் மெல்ல இழுத்தாள். ‘டொக்’ என்று சின்னச் சத்தத்தோடு கோரை ஒரு கையிலும் ஜங்கஸ் ஒரு கையிலும் வந்தது. பைனாகுலர் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக் கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தார்.

“மீன்கொத்தி ஏதாவது தெரியுதா சார்?” என்றது கடைசி வரிசையிலிருந்து மகளின் குரல்.

“சும்மா ஒரு தமாஷுக்கு...” என்றார் அவர் ஜன்னலைப் பார்த்தே.

“பதினேழுல நான் ஒரு புல் வெச்சேனே, அது எங்க?” என்றாள் காப்பகத்துப் பெண்.

வேறு வழியில்லாமல் அவர் சட்டைப் பைக்குள் கை விட்டார். கசங்கிச் சுருண்ட ஒரு கதிர் பாதி வெளியே வந்ததுதான் தாமதம். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மெழுகக்கா, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியை மறுபடி இறக்கக்கூடச் செய்யாமல், “எராகிராஸ்டிஸ்” என்றாள். இனத்தின் முழுப் பேரையும் சேர்த்துச் சொன்னாள். “பாவம், தலை கசங்கிடுச்சு.”

யார் முதலில் கை தட்டினார்கள் என்பதில் பிற்பாடு கருத்து வேற்றுமை உண்டு. தான்தான் என்று கணவர் சொல்கிறார். டைல்ஸ் கடையில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மிச்சம் மூன்று தட்டையும் முடித்த பிறகு காப்பகத்துப் பெண் காகிதத்தைப் பார்த்தாள். “ஆறாவது தப்பு. மத்த பதினெட்டும் சரி. பதினேழாம் தட்டுல மூணு செடி இருந்திருக்கு, மூணும் சரி. ஆக இருபதுக்கு இருபத்தொண்ணு” என்றாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. கீழ்வரிசை முன்பற்கள் லேசாக நெருங்கியிருப்பதை மெழுகக்கா கவனித்தாள். நல்ல பற்கள். ஒரு தப்போடு முழு மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கிய பரீட்சை உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

பட்டியல் அறுபத்துமூன்று பேர்: நாற்பத்தொரு புல், இருபது கோரை, இரண்டு ஜங்கஸ். காப்பகத்துப் பெண் அதை வரி வரியாகப் பார்த்துக் கடைசியில் கையெழுத்துப் போட்டாள். செயலாளரின் தட்டச்சுப் பிரதியில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை மெழுகக்காவிடம் நீட்டினாள்.

“நீங்களே அடிங்க அக்கா.”

மெழுகக்கா குனிந்தாள். ‘புல் – பலவகை’ என்பதன் மேல், இடமிருந்து வலமாக, நடுங்காமல், மெழுகில் விளிம்பு வெட்டுவது போல ஒரே கோடு இழுத்தாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், தன் பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘பெயர் இன்னும் தெரியாதவை – 4.’

பைனாகுலர் சார் எட்டிப் பார்த்தார். மூன்று மீன்கொத்தியையும் பறிகொடுத்தவருக்கு இது ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. “இத நான் பலவகைன்னு எழுதினப்ப மட்டும் பத்தலைன்னீங்களே?”

“பலவகை இல்ல சார்” என்றாள். “நாலு வகை. நாலும் எங்க நிக்குதுன்னு தெரியும். பேர்தான் தெரியல.”

புத்தகம் வந்த மறுவாரம் அவர் ஓடையோரம் தனியாகக் குந்திக்கொண்டிருந்ததை லேப் ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். பைனாகுலர் முதுகுப் பக்கம் தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் போனாள். அவர் ஒரு தண்டைப் பறித்து விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“உருண்டைதானே?” என்றார், தலையைத் தூக்காமல். “மூணாவதுதானே இது?”

அவள் பக்கத்தில் குந்தி, தண்டை வாங்கி, அடியிலிருந்து நுனிவரை நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

“மூணாவதுதான் சார்” என்றாள். “தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கையில இருந்து வாங்கினா செக் பண்ணித்தான் சொல்லுவேன்.”